இளவயது மறதிநோயும் எங்கள் அறுந்துபோன குடும்ப மரமும்

மரபணுப் பரிசோதனை என்ற சொல் எங்கள் மக்களுக்குப் புதிதல்ல. சுனாமிக்குப் பிறகு கல்முனையில் ‘பேபி 81’ என்று அழைக்கப்பட்ட கைக்குழந்தை 2005 பெப்ரவரியில் தன் பெற்றோரிடம் போய்ச் சேர்ந்தது அந்தப் பரிசோதனையால்தான். மன்னாரிலும் கொக்குத்தொடுவாயிலும் செம்மணியிலும் எலும்புகள் வெளிவந்தபோது, காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவினர்கள் கேட்டதும் அதைத்தான். மரபணு என்றதும் எங்களுக்கு நினைவுக்கு வருவது ஒரே கேள்வி: இது யாருடைய பிள்ளை, இது யாருடைய எலும்பு?

இந்தக் கட்டுரை பேசப்போகும் பரிசோதனை வேறு வகையானது. அது இறந்தவரை அடையாளம் காண்பதற்கானதல்ல. இன்று சுகமாக இருக்கும் 25 வயதுப் பிள்ளையிடம், இன்னும் இருபது வருடத்தில் உன் ஞாபகம் போகும், அல்லது போகாது என்று சொல்லக்கூடியது. பரம்பரையாக வரும் இளவயது அல்ஸைமர் நோய்க்கு அப்படியொரு பரிசோதனை இருக்கிறது. பதுளை மாவட்டத் தோட்டங்களைப் பற்றி எழுதிவரும் சுயாதீன ஊடகவியலாளர் என்ற வகையில், தெமோதரையில் இருக்கும் ஒரு குடும்பத்துக்கு அது எந்தளவுக்குப் பயன்படும் என்பதை யோசித்துப் பார்க்கிறேன். எங்களிடம் இல்லாதது ஆய்வுகூட வசதி மட்டும்தான் என்று நான் நினைக்கவில்லை. அதற்கு முன்னால் வர வேண்டிய இரண்டு விடயங்களும், பின்னால் வர வேண்டிய ஒன்றும் இல்லை என்பதுதான் பெரிய பிரச்சினை.

எது பரம்பரை, எது இல்லை

அல்ஸைமர் என்றதும் எழுபது, எண்பது வயதைத்தான் நினைக்கிறோம். ஆனால் இந்த நோய்க்குப் பெயர் வரக் காரணமாக இருந்த முதல் நோயாளி கிழவி அல்ல. 1901 இல் ஜேர்மனியின் பிராங்பேர்ட் நகர மனநல வைத்தியசாலையில் சேர்க்கப்பட்டபோது அகுஸ்தே டெட்டருக்கு வயது 51. அவர் 1906 இல் இறந்த பிறகு அவரது மூளையை ஆராய்ந்து நோயை விவரித்தவர் வைத்தியர் அலோயிஸ் அல்ஸைமர்.

இலங்கையில் ராகமைப் பகுதியில் 65 வயதுக்கு மேற்பட்டவர்களிடையே நடத்தப்பட்டு 2003 இல் வெளியான ஆய்வில், 100 பேரில் ஏறக்குறைய 4 பேருக்கு மறதிநோய் இருந்தது. அவர்களில் பெரும்பான்மையினருக்கு இருந்தது அல்ஸைமர். இது முதுமையில் வரும் வகை. 65 வயதுக்கு முன்பே தொடங்குவது அதைவிட மிகக் குறைவு. அப்படித் தொடங்குவதிலும் எல்லாம் பரம்பரை நோய் அல்ல. ஒரே ஒரு பரம்பரை அலகின் விகாரத்தால் தலைமுறை தலைமுறையாக இறங்கி வரும் வகை, மொத்த அல்ஸைமர் நோயாளிகளில் 100 இல் ஒன்றுக்கும் குறைவு.

இந்த வகைக்குக் காரணமாக மூன்று பரம்பரை அலகுகள் அறியப்பட்டுள்ளன. 21ஆம் நிறமூர்த்தத்தில் உள்ள ஏ.பி.பி. என்ற அலகில் விகாரம் 1991 இல் கண்டுபிடிக்கப்பட்டது. 14ஆம் நிறமூர்த்தத்தில் உள்ள பிரெசெனிலின் 1, முதலாம் நிறமூர்த்தத்தில் உள்ள பிரெசெனிலின் 2 ஆகியவை 1995 இல் தெரியவந்தன. தாய், தகப்பன் இருவரில் ஒருவரிடம் இந்த விகாரம் இருந்தால், பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வர சரிபாதி வாய்ப்பு உண்டு. நான்கு பிள்ளைகள் இருந்தால் இரண்டு பேருக்கு என்று கணக்குப் போட முடியாது. நாணயத்தை நான்கு முறை சுண்டுவது போலத்தான்: நான்கு பேருக்கும் வரலாம், ஒருவருக்கும் வராமலும் போகலாம். வராத பிள்ளையிடமிருந்து பேரப்பிள்ளைக்கு அது போகாது.

“சொந்தத்துக்குள்ள கட்டினதால வந்த வினை” என்று இங்கே உடனே சொல்லிவிடுவார்கள். அத்தை மகன், மாமன் மகள் திருமணத்தில் வேறு சில நோய்களுக்கான வாய்ப்பு கூடுவது உண்மை. ஆனால் இந்த நோய்க்கு ஒரு பக்கத்து விகாரம் மட்டும் போதும். அந்நியத்தில் கட்டியிருந்தாலும் வந்திருக்கும். ஆகவே, கட்டி வைத்த பெரியவர்கள் மீது பழி போட இதில் இடமில்லை.

வெளிநாட்டில் இருக்கும் உறவுகள் எச்சிலைக் குழாயில் துப்பி அனுப்பிப் பெறும் அறிக்கைகளையும் இதனோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. அந்த அறிக்கைகள் பெரும்பாலும் சொல்வது அப்போ-ஈ என்ற வேறோர் அலகைப் பற்றி. அதன் நான்காம் வகை இருந்தால் முதுமையில் நோய் வரும் அபாயம் கூடும். வந்தே தீரும் என்று அர்த்தமில்லை. கனடாவில் இருக்கும் மச்சானின் அறிக்கையைப் பார்த்துவிட்டு தெமோதரையில் இருப்பவர் பயப்பட வேண்டியதில்லை.

அரைப் பேர் விழும் இடம்

எல்லயிலிருந்து ஒன்பது வளைவுப் பாலத்தைப் பார்த்துக்கொண்டே தெமோதரைக்கு ரயிலில் வரும் உல்லாசப் பயணிகளுக்கு, தண்டவாளம் ஒரு சுற்றுச் சுற்றி நிலையத்துக்கு அடியிலேயே புகுந்து போவது பெரிய அதிசயம். அந்தப் பாதைக்கு மேலும் கீழும் இருக்கும் தேயிலை மலைகளில் ஒரு பெண்ணைக் கற்பனை செய்துகொள்வோம். வயது 44. இருபத்தைந்து வருடமாகக் கொழுந்து பறிப்பவர். கணக்குப் பார்ப்பதோ கடிதம் எழுதுவதோ அவருடைய வேலை அல்ல. எனவே அலுவலகத்தில் வேலை செய்யும் ஒருவருக்கு வெளிப்படுவது போல இவருக்கு நோய் வெளிப்படாது.

முதலில் நிறை குறையும். கை பழகிய வேலை கையிலேயே இருக்கும். ஆனால் எந்த நிரை தனக்குத் தரப்பட்டது என்பது மறந்து போகும். அடுத்தவரின் நிரைக்குள் நிற்பார். மடுவத்துக்குப் போகும் குறுக்குப் பாதை தவறும். நாளுக்குரிய கிலோ வராவிட்டால் செக்ரோலில் அரைப் பேர்தான் விழும். 2024 செப்டெம்பரில் நாள் சம்பளம் 1,350 ரூபாவாக ஆக்கப்பட்டபோதும் அரைப் பேர் என்ற பேச்சு தோட்டத்தை விட்டுப் போகவில்லை. கங்காணியின் பார்வையில் அது சோம்பல், கணவனின் பார்வையில் அலட்சியம். பக்கத்து லயத்தில் யாரோ செய்வினை என்பார்கள். ஆணாக இருந்தால் பதில் இன்னும் சுலபம்: கசிப்பு.

வடக்கிலும் கிழக்கிலும் இதே மறதிக்கு வேறு பெயர் இருக்கிறது. “சண்டைக்குப் பிறகு ஆள் இப்பிடித்தான்.” முள்ளிவாய்க்காலில் பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாய் ஐம்பது வயதில் அடுப்பில் வைத்ததை மறந்தால், அதற்கு விளக்கம் தேவையில்லை என்றே எல்லோரும் நினைக்கிறார்கள். போரின் பாதிப்பு ஞாபகத்தையும் கவனத்தையும் குலைக்கும் என்பது உண்மை. ஆனால் அந்தப் பாதிப்பில் பொதுவாக ஒருவரால் நடந்ததை மறக்க முடிவதில்லை. அது திரும்பத் திரும்ப வந்து நிற்பதால்தான் இன்றைய காரியத்தில் மனம் நிற்பதில்லை. அல்ஸைமரில் போவது முதலில் இன்றையது. காலையில் கேட்ட கேள்வியைப் பத்து நிமிடத்தில் மறுபடி கேட்பது, பல வருடம் நடந்த வழியில் திகைத்து நிற்பது, மாதக்கணக்கில் அது மெல்ல மெல்லக் கூடிக்கொண்டே போவது. இரண்டும் ஒரே ஆளிடம் இருக்கவும் முடியும். எல்லாவற்றையும் போரின் கணக்கில் எழுதிவிடும் பழக்கம், சிகிச்சை தேடிப்போகும் வழியை அடைத்துவிடுகிறது.

நோய் நிர்ணயத்தின் வரிசை

இங்கே முதலில் வர வேண்டியது மரபணுப் பரிசோதனை அல்ல. ஐம்பது வயதுக்கு உட்பட்ட ஒருவருக்கு மறதி என்றால், வைத்தியர் முதலில் தேட வேண்டியவை திருத்தக்கூடிய காரணங்கள். தைரொயிட் சுரப்புக் குறைவு, விற்றமின் பி12 குறைபாடு, கடும் மனச்சோர்வு, மதுவோடு சேர்ந்து வரும் தயமின் குறைபாடு, சிபிலிஸ் மற்றும் எச்.ஐ.வி. தொற்று, விழுந்ததில் தலைக்குள் மெதுவாகத் தேங்கிய இரத்தம் ஆகியவை மறதிநோய் போலவே காட்டும். இவற்றில் பலவற்றை இரத்தப் பரிசோதனையிலும் ஒரு சி.ரி. ஸ்கானிலும் கண்டுபிடித்துவிடலாம். மலைச் சரிவில் வழுக்கி விழுவது வழக்கமான ஒன்றாகவும், ஒழுங்கான சாப்பாடு அரிதாகவும் இருக்கும் தோட்டத்தில், இந்தப் பட்டியல் வெறும் சம்பிரதாயம் அல்ல. அல்ஸைமர் என்று தவறாக முடிவு கட்டினால் குணமாகக் கூடிய ஒருவரைக் கைவிடுகிறோம்.

அடுத்தது ஞாபகப் பரிசோதனை. இன்று என்ன திகதி, நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழித்துக்கொண்டு வாருங்கள், இந்தக் கனசதுரத்தைப் பார்த்து வரையுங்கள் என்று கேட்கும் தாள்கள் பள்ளிக்கூடம் போனவர்களுக்காக உருவானவை. மூன்றாம் வகுப்போடு நிறுத்தப்பட்ட ஒரு பெண் அதில் குறைந்த புள்ளி எடுத்தால், அது நோயின் அடையாளமா, இல்லை பள்ளிக்கூடம் இல்லாததன் அடையாளமா? இந்தியாவில் ஹரியானா மாநிலத்தின் பல்லப்கர் கிராமங்களில் 1990களில் ஆய்வு செய்தவர்கள் இந்தச் சிக்கலைச் சந்தித்து, எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கென்றே ஒரு பரிசோதனையை ஹிந்தியில் உருவாக்கினார்கள். மலையகத்தில் அந்தக் கேள்விகள் கொழுந்து நிறை, சம்பள நாள், திருவிழா மாதம் என்ற கணக்கில், தோட்டத்துத் தமிழில் இருக்க வேண்டும்.

இவையெல்லாம் முடிந்து, மூளை ஸ்கானும் நோயின் போக்கும் அல்ஸைமரையே காட்டி, குடும்பத்தில் இன்னும் ஒருவருக்கு இளவயதில் இதே நிலை இருந்தது என்றால்தான் பரம்பரை அலகைப் பார்ப்பதில் அர்த்தம் இருக்கிறது. அதிலும் முதலில் பார்க்க வேண்டியது நோயாளியின் இரத்தத்தை. அவரிடம் எந்த விகாரம் என்று தெரியாமல், சுகமாக இருக்கும் பிள்ளைக்குப் பரிசோதனை செய்து ‘ஒன்றும் இல்லை’ என்று வந்தால், அந்த ‘இல்லை’யை நம்ப முடியாது. கொழும்பு மருத்துவ பீடத்தின் மனித மரபியல் பிரிவு 1980களிலிருந்து இயங்குகிறது. பதுளையிலிருந்து அங்கே போக ரயில் பாதை ஏறக்குறைய 290 கிலோமீட்டர். நாட்கூலியில் வாழும் குடும்பத்துக்கு அந்தத் தூரம் குறைந்தது இரண்டு நாள் பேரை இழப்பது.

முன்னோரின் பெயர் கேட்கும் வைத்தியர்

மரபியல் வைத்தியர் இரத்தம் எடுப்பதற்கு முன் ஒரு தாளை எடுத்துக் குடும்ப மரம் வரைவார். குறைந்தது மூன்று தலைமுறை. யார் எந்த வயதில் இறந்தார், கடைசிக் காலத்தில் எப்படி இருந்தார். உலகிலேயே இந்த நோயுள்ள மிகப் பெரிய குடும்பம் அப்படித்தான் கண்டுபிடிக்கப்பட்டது.

கொலம்பியாவின் அந்தியோக்கியா மலைப் பிரதேசத்தில் நாற்பதுகளில் ஞாபகம் இழக்கும் நோயை ‘லா போபேரா’, அதாவது மந்தம் என்றார்கள். மரத்தைத் தொட்டதால் வந்த சாபம் என்றும் சொன்னார்கள். 1980களில் அந்தக் குடும்பங்களைத் தேடத் தொடங்கினார் நரம்பியல் வைத்தியர் பிரான்சிஸ்கோ லோபேரா. தேவாலயங்களின் ஞானஸ்நான, மரணப் பதிவேடுகளைப் புரட்டி, 18ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஒரு மூதாதை வரை நோயின் வேரைத் தேடிப் போனார்கள். ஏறக்குறைய 6,000 உறவினர்கள். அவர்களில் சுமார் 1,200 பேரிடம் பிரெசெனிலின் 1 விகாரம். 49 வயதளவில் மறதிநோய் முற்றிவிடும். அதுவும் போர் நடந்த மண். இரத்த மாதிரி சேகரிக்கப் போன தாதி ஒருவரை ஆயுதக் குழு பிடித்து வைத்திருந்தது. 2024 செப்டெம்பரில் இறக்கும் வரை லோபேரா அந்த வேலையை விடவில்லை. போர் நடந்த நாட்டில் இதைச் செய்ய முடியாது என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் அவர்களிடம் பதிவேடு இருந்தது. குடும்பங்களும் பெரும்பாலும் அதே மலைகளில் இருந்தன.

எங்கள் நிலை அதுவல்ல. 1948 குடியுரிமைச் சட்டம் எங்களிடம் தகப்பன், அல்லது தகப்பன்வழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்ததை நிரூபிக்கச் சொன்னது. காட்ட முடியாதவர்கள் நாடற்றவர்கள் ஆனார்கள். 1964 ஒக்டோபரில் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்கெடுத்து, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தது. மிச்சப் பேரின் தலைவிதி பத்து வருடம் கழித்து முடிவானது. தலைமன்னாரில் கப்பல் ஏறி மண்டபம் முகாம் வழியாக நீலகிரிக்கும் கூடலூருக்கும் போனவர்கள் ஒரு பக்கம். 1977 வன்செயலுக்குப் பிறகு வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போய், பின்னர் வன்னிப் போரில் அகப்பட்டவர்கள் இன்னொரு பக்கம்.

இதை எழுதுவதற்காக என் சொந்தக் குடும்ப மரத்தையே வரைந்து பார்த்தேன். தாத்தாவோடு கூடப் பிறந்தவர்கள் ஐந்து பேர். இருவர் கூடலூர்ப் பக்கம் போனார்கள். ஒருவரிடமிருந்து சில வருடம் கடிதம் வந்ததாம். ஒருவர் கிளிநொச்சிக்குப் போனவர்; 2009 இற்குப் பிறகு அந்த வீட்டைப் பற்றிச் சொல்ல யாரும் இல்லை. பாட்டியின் தங்கையை எல்லோரும் சின்னப்பாட்டி என்றே கூப்பிட்டதால் அவருடைய பெயர் யாருக்கும் தெரியவில்லை. எந்த வயதில், எதனால் இறந்தார்கள் என்ற கேள்விக்குக் கிடைத்த பதில் “காய்ச்சல்ல போயிட்டாங்க” என்பதுதான். நாற்பது வயதில் ஞாபகம் இழந்த ஒருவர் என் குடும்பத்தில் இருந்தாரா? அவர் கூடலூரில் இருந்திருந்தால் எனக்குத் தெரிய வழியே இல்லை. இது என் வீட்டுக் கதை மட்டுமல்ல. மலையகத்தில் எந்த லயத்துக் கதவைத் தட்டினாலும் தாளில் பாதி வெறுமையாகத்தான் இருக்கும்.

அன்று அரசு கேட்டது தகப்பன்வழியை மட்டும். இன்று வைத்தியர் கேட்பது இருவழியையும். குடியுரிமைக்குத் தேவைப்பட்டபோது இல்லாத தகவல், இப்போது நோய்க்குத் தேவைப்படும்போதும் இல்லை.

தெரிந்துகொள்ளாமல் இருக்கும் உரிமை

ஏ.பி.பி. விகாரம் கண்டுபிடிக்கப்பட வழி செய்தவர் கரோல் ஜெனிங்ஸ் என்ற ஆங்கிலப் பெண். தன் தகப்பனுக்கும் அவரது சகோதரங்களுக்கும் ஐம்பதுகளில் ஞாபகம் போவதைக் கண்டு, 1986 இல் லண்டன் ஆய்வாளர்களுக்குத் தானாகக் கடிதம் எழுதினார். ஐந்து வருடத்தில் அந்தக் குடும்பத்தின் இரத்தத்திலிருந்து உண்மை வெளிவந்தது. ஆனால் தன்னிடம் அது இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளும் பரிசோதனையை அவர் செய்துகொள்ளவே இல்லை. ஐம்பதுகளின் கடைசியில் நோய் அவரையும் பிடித்தது. 2024 இல் இறந்தார். அவரை யாரும் கோழை என்று சொல்லவில்லை.

கொலம்பியக் குடும்பத்தில் 252 பேரை வைத்து ஒரு மருந்தைச் சோதித்தபோது, விகாரம் இல்லாதவர்களையும் சேர்த்து அவர்களுக்கு வெற்று மருந்து கொடுத்தார்கள். ஆய்வில் சேர்ந்திருப்பதை வைத்தே ஒருவரின் முடிவை ஊர் ஊகித்துவிடக் கூடாது என்பதற்காக. அந்த மருந்து 2022 இல் குறிப்பிடத்தக்க பலன் தரவில்லை என்று அறிவிக்கப்பட்டது. அந்த ஏற்பாட்டிலிருந்து நாங்கள் கற்க வேண்டியது நிறைய இருக்கிறது. ஒரு லயத்தில் பத்து வீடு. ஒரு வீட்டில் பேசுவது அடுத்த வீட்டுக்குக் கேட்கும். ஒரு பிள்ளைக்கு விகாரம் இருப்பது தெரிந்தால் அக்காவின் கலியாணம் நிற்கும். அதுமட்டுமல்ல, தாய்வழிப் பாட்டிக்கு நோய் இருந்து பேரனுக்கு விகாரம் உறுதியானால், நடுவில் இருக்கும் தாய்க்கும் அது இருக்கிறது என்பது அவர் கேட்காமலே தெரிந்துவிடும். ஒருவர் கொடுக்கும் இரத்தத்தில் மற்றவரின் முடிவும் இருக்கிறது.

ஆகவேதான் பரிசோதனைக்கு முன்னும் பின்னும் ஆலோசனை, 18 வயதுக்கு உட்பட்டவருக்குச் செய்யாமை, இரத்தம் கொடுத்த பிறகும் முடிவைக் கேட்காமல் போகும் உரிமை என்ற விதிகள் உலக அளவில் பின்பற்றப்படுகின்றன. இலங்கையின் 2022ஆம் ஆண்டு தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் மரபியல் தரவுகளை விசேட பாதுகாப்புக்குரிய வகையில் சேர்த்திருக்கிறது. அது தேவையானது, ஆனால் கலியாணத் தரகரை அந்தச் சட்டம் கட்டுப்படுத்தாது. அதற்கு வேண்டியது, முடிவைத் தமிழில், தனியறையில், மொழிபெயர்க்க உறவினர் இல்லாமல் சொல்லும் ஒருவர்.

தெரிந்துகொண்டு என்ன செய்வது என்ற கேள்வியும் நியாயமானது. 2023 இல் அமெரிக்காவில் முழு அங்கீகாரம் பெற்ற லெகனெமாப் போன்ற மருந்துகள் நோயின் வேகத்தைக் கொஞ்சம் குறைக்கின்றன; குணமாக்குவதில்லை. 2025 இல் வெளியான ஓர் ஆய்வில், விகாரம் இருந்தும் அறிகுறி தொடங்காமல், சராசரியாக எட்டு வருடம் இவ்வகை மருந்தொன்றைப் பெற்ற 22 பேருக்கு நோய் தொடங்கும் அபாயம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. சிறிய எண்ணிக்கை. ஆனாலும் அறிகுறிக்கு முன்பே தலையிட முடியலாம் என்று காட்டிய முதல் சான்று. அப்படியொரு நாள் வரும்போது மருந்து முதலில் போவது, தங்களிடம் விகாரம் இருப்பது ஏற்கெனவே தெரிந்த குடும்பங்களுக்கு. பதிவில் இல்லாதவர்கள் வரிசையிலும் இருக்க மாட்டார்கள்.

இப்போது கேட்க வேண்டியவை

பெயர் இல்லாத நோய்க்கு நிவாரணமும் இல்லை. நோய் நிர்ணயம் இல்லாமல் வேலையை விட்டு நிற்கும் 46 வயதுத் தொழிலாளி, செக்ரோலில் வெறுமனே வேலைக்கு வராதவர். வைத்தியர் நிரந்தரமாக முழுமையாக இயலாதவர் என்று சான்று கொடுத்தால், வயதெல்லைக்குக் காத்திருக்காமல் ஊழியர் சேமலாப நிதியைப் பெற முடியும். முதியோர் கொடுப்பனவு 70 வயதுக்குப் பிறகுதான்; இந்த நோயாளி அந்த வயதைக் காண்பது அரிது. வேலையோடு கட்டப்பட்ட லயத்து அறையில், வேலை செய்ய யாரும் இல்லாத குடும்பத்தின் இருப்பே கேள்வியாகிறது. இயலாமைக் கொடுப்பனவில் இளவயது மறதிநோயையும் பெயர் சொல்லிச் சேர்க்கும்படி தொழிற்சங்கங்களும் மலையகப் பாராளுமன்ற உறுப்பினர்களும் கேட்க வேண்டும்.

பதுளை வைத்தியசாலையில் மாதத்தில் ஒரு நாளாவது தமிழில் ஞாபகப் பரிசோதனை செய்யும் சிகிச்சை நிலையம் வேண்டும். தோட்டத்தில் லயம் லயமாகப் போகும் குடும்பநல உத்தியோகத்தர்களுக்கு, ஐம்பதுக்கு முன் வரும் மறதியை அடையாளம் கண்டு அனுப்பப் பயிற்சி வேண்டும். மரபியல் ஆலோசனைக்காகக் கொழும்புக்குப் போக வேண்டியவருக்கு அந்த நாளின் பேர் விழ வேண்டும்.

இன்னொரு வேலைக்கு அரசாங்கம் தேவையில்லை. வீட்டில் இருக்கும் மூத்தவரிடம் உட்கார்ந்து, கூடப் பிறந்தவர்களின் பெயர், போன ஊர், இறந்த வயது, கடைசிக் காலத்தில் ஆளைத் தெரிந்ததா இல்லையா என்பவற்றை ஒரு கொப்பியில் எழுதி வைப்பது. கூடலூரில் இருக்கும் கிளையையும் கிளிநொச்சியில் இருக்கும் கிளையையும் இப்போது தொலைபேசியில் கூப்பிடலாம். அநேகம் குடும்பங்களில் இந்த நோய் இருக்காது. அந்தக் கொப்பி அப்போதும் வீண்போகாது. ஒரு குடும்பத்தில் இருந்தால், வைத்தியர் கேட்கும் முதல் கேள்விக்கு அங்கே பதில் இருக்கும். அந்தப் பதிலைத் தெரிந்தவர்களுக்கு இன்று எழுபது, எண்பது வயது.